அரசமரமும் ஓர் இலத்தீன் விகுதியும்

தாவரவியல் பெயர்களை மந்திரம்போல் உருப்போடுவது நம் மாணவரிடையே வழக்கமாகிவிட்டது. பொருள் தெரியாத மந்திரத்தால் பயன் என்ன? அப்பெயர்களின் இலக்கணத்தை ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாலே பாதிச் சுமை இறங்கும் என்பது என் கருத்து. ஒரே ஒரு சொல்லைக் கொண்டு விளக்குகிறேன்.

அரசமரத்திற்கு 1753-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இட்ட பெயர் 'ஃபைகஸ் ரிலிஜியோசா'. இலத்தீனில் 'ரிலிஜியோ' என்றால் தெய்வ பயபக்தி. 'நிறைந்த' என்று பொருள்படும் 'ஓசஸ்' விகுதி அதனுடன் சேர, 'ரிலிஜியோசஸ்' என்ற பெயரடை பிறக்கிறது. முள்ளைக் குறிக்கும் 'ஸ்பைனா'விலிருந்து, முள் நிறைந்த என்னும் பொருளில் 'ஸ்பைனோசஸ்' வந்ததும் இவ்வாறே.

தமிழில் நல்ல அரசன், நல்ல அரசி, நல்ல மரம் என்கிறோம், 'நல்ல' மாறுவதில்லை. இலத்தீனிலோ அடைமொழி பெயரின் பாலைப் பின்பற்றும். ஆண்பாலில் ரிலிஜியோசஸ், பெண்பாலில் ரிலிஜியோசா, இரண்டுமல்லாத நடுப்பாலில் ரிலிஜியோசம். வேற்றுமைக்கேற்பவும் ஈறு திரியும். ஆறாம் வேற்றுமை ஒருமையில் இவை முறையே ரிலிஜியோசி, ரிலிஜியோசே, ரிலிஜியோசி என்றாகும்.

'ஃபைகஸ்' ஆண்பால்போல் ஒலித்தாலும், ரோமானியர் மரப்பெயர்கள் பலவற்றைப் பெண்பாலாகவே வழங்கினர். எனவேதான் 'ரிலிஜியோசா'. கோங்கு மரத்தின் 'காக்லோஸ்பெர்மம்' நடுப்பால், அங்கே 'ரிலிஜியோசம்'. விலங்கியல் நண்பர்களுக்கும் ஒரு சான்று உண்டு. கும்பிடுபூச்சியை 1758-இல் லின்னேயஸ் 'கிரில்லஸ்' என்ற ஆண்பாற் பேரினத்தில் வைத்தபோது 'ரிலிஜியோசஸ்' என்றார். பின்னர் அது பெண்பாலான 'மாண்டிஸ்' பேரினத்திற்குச் சென்றதும் 'ரிலிஜியோசா' ஆயிற்று. பூச்சி மாறவில்லை, ஈறுதான் மாறியது!

புதிய தாவரத்தின் விளக்கத்தை இலத்தீனில்தான் எழுத வேண்டும் என்ற விதி 2012-இல் தளர்ந்து, ஆங்கிலமும் ஏற்கப்பட்டதே, இனி இலத்தீன் எதற்கு என்று சிலர் கேட்கலாம். விளக்கத்திற்குத்தான் அந்தச் சலுகை. பெயர்கள் இன்றும் இலத்தீன் இலக்கணத்திற்கே கட்டுப்பட்டவை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆங்கிலப் பாடநூலே அந்நியமாகத் தோன்றும் என் போன்றோர்க்கு, காரணம் தெரியாத இலத்தீன் ஈறு இரட்டைச் சுவர். ஒரெழுத்துப் பிழைக்கும் மதிப்பெண் போகும். மனப்பாடம் வசதியுள்ளவனையும் இல்லாதவனையும் ஒருபோல் வாட்டுவதில்லை. வீட்டில் கேட்டறிய ஆளில்லாதவனையே அதிகம் வாட்டுகிறது. விதியை அறிந்தவனோ புதிய பெயரைக் கண்டு அஞ்சமாட்டான்.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வகைப்பாட்டியலின் முதல் வகுப்பை இந்த மூன்று ஈறுகளுக்கு ஒதுக்குங்கள். ஊர்தோறும் நிற்கும் அரசமரமே அதற்குப் போதிய பாடநூல்.