மீன் நல்லுணவு, நோய்க்கவசம் அன்று



'உணவே மருந்து' என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். நாம் நாள்தோறும் உண்பதே நம் உடல்நலத்திற்கு அடிப்படை என்னும் உண்மையை அது சுருங்கச் சொல்கிறது. ஆனால் அதே தொடர் இன்று விளம்பரங்களின் கையில் சிக்கி, 'இதை உண்டால் புற்றுநோய் அண்டாது' என்னும் உறுதிமொழியாக மாறிவிட்டது. அவ்வாறு புகழப்படுவனவற்றுள் மீனும் மீனெண்ணெய் மாத்திரையும் அடங்கும். மீன் நல்ல உணவு. ஆனால் அதனைப் புற்றுநோய்க்குக் கவசம் எனக் கூறுதல் தகாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் காண்போம்.

மீனில் உள்ளது என்ன?

தமிழகக் கடற்கரையில் மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் மீனை மங்களூர்ப் பகுதியினர் பூத்தாயி என்பர். நம் கானாங்கெளுத்தி அவர்களுக்குப் பங்குடெ. பெங்களூரில் மீன் வாங்கச் செல்லும் தமிழர் இரு பெயர்களையும் அறிந்திருத்தல் நலம். இச்சிறு மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் மிகுந்துள்ளன.

தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் னகரம் நிற்பதுபோல, கிரேக்க நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கும் எழுத்து ஒமேகா. கொழுப்பு அமிலச் சங்கிலியின் இறுதி முனையிலிருந்து எண்ணும்போது மூன்றாவது கார்பனில் முதல் இரட்டைப் பிணைப்பு அமைவதால் இப்பெயர் வந்தது. மூளைக்கும் விழித்திரைக்கும் இவ்வமிலங்கள் தேவை. கடலின் நுண்பாசிகள் உருவாக்கும் இவற்றை மீன்கள் உணவின்வழிப் பெறுகின்றன. மரக்கறி உண்போர்க்கு ஆளிவிதையும் அக்ரூட்டும் உதவும். வட கர்நாடக மக்கள் சோள ரொட்டியுடன் தொட்டுக்கொள்ளும் அகசெப் பொடி ஆளிவிதையால் ஆனதே. எனினும், விதையில் உள்ள ஒமேகா-3 வகையை மீனில் உள்ள வகையாக நம் உடல் சிறிதளவே மாற்றுகிறது.

நம்பிக்கை பிறந்த கதை

1970-களில் பாங், டயர்பெர்க் என்னும் டென்மார்க் ஆய்வாளர்கள் கிரீன்லாந்தின் இனுயிட் மக்களை ஆராய்ந்தனர். கடல் உணவையே பெரிதும் நம்பி வாழ்ந்த அம்மக்களிடையே மாரடைப்பு குறைவு என்றும், அதற்குக் கடல் உணவின் கொழுப்பு காரணமாகலாம் என்றும் அவர்கள் கருதினர். அவ்வாய்வு இதயத்தைப் பற்றியது. புற்றுநோயைப் பற்றியது அன்று. ஆயினும் ஒமேகா-3இன் புகழ் பின்னர் ஒவ்வொரு நோயின் மீதும் படரத் தொடங்கியது.

மீன் உண்போரிடையே பெருங்குடல் புற்றுநோய் சற்றுக் குறைவாக இருப்பதைச் சில பெரிய ஆய்வுகள் கண்டன. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2018-இல் அச்சான்றுகளை ஆராய்ந்து, அவை குறிப்பளவில் நிற்கின்றனவே அன்றி உறுதியானவை அல்ல என மதிப்பிட்டது. மீன் உண்பவர் வேறு பல நல்ல பழக்கங்களையும் உடையவராக இருக்கலாம். தட்டில் மீன் இடம்பெறும்போது பதப்படுத்திய இறைச்சி விலகி நிற்பதும் நன்மைக்குக் காரணமாகலாம். அவ்விறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் உறுதி செய்தது.

மீனைப் பதப்படுத்தும் முறையும் கருதத்தக்கது. சீன முறையில் உப்பிட்டுப் பதப்படுத்திய மீன் மூக்குத்தொண்டைப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது அதே முகமையின் முடிவு. 'மீன்' என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் புகழ்வதோ பழிப்பதோ பொருந்தாது.

மாத்திரை தந்த விடை

ஐயத்தைத் தீர்க்க அமெரிக்காவில் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. ஐம்பது வயதைக் கடந்த 25,871 பேர் அதில் பங்கேற்றனர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர்க்கு நாள்தோறும் 1 கிராம் மீனெண்ணெய் மாத்திரையும், மறுபாதியினர்க்கு அதே தோற்றமுடைய மருந்தற்ற மாத்திரையும் வழங்கினர். ஐந்தாண்டுகளுக்கு மேல் கண்காணித்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். மீனெண்ணெய் பெற்றோருள் 820 பேருக்கும், பெறாதோருள் 797 பேருக்கும் புற்றுநோய் தோன்றியிருந்தது. இச்சிறு வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதே. மாத்திரை புற்றுநோயைத் தடுக்கவில்லை என்பதே இதன் பொருள்.

'பயன் இல்லாவிடினும் கேடு இல்லையே' என்று சிலர் வினவுவர். பணம் வீணாவது முதற்கேடு. அதனினும் பெரியது, காலம் வீணாவது. கவசம் அணிந்துள்ளோம் என்று நம்புபவர் மார்பில் தோன்றிய கட்டியையும் ஆறாத வாய்ப்புண்ணையும் பொருட்படுத்தாமல் நாள் கடத்துவர். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தக்கூடிய நோய், அந்நாள்களில் முற்றிவிடுகிறது.

பெங்களூரு வைத்திருக்கும் கணக்கு

நாம் வாழும் இந்நகருக்குப் புற்றுநோய் வரலாற்றில் தனியிடம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம், பெங்களூரு, சென்னை, மும்பை ஆகிய நகரங்களில் மக்கள்தொகை அடிப்படையிலான பதிவேடுகளை 1982 முதல் பேணிவருகிறது. பெங்களூருப் பதிவேடு கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனத்தில் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தை இன்று நடத்தும் தேசிய மையமும் இந்நகரிலேயே உள்ளது.

அத்திட்டம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் தோன்றும் புற்றுநோய்களுள் 27.1 விழுக்காடு புகையிலையோடு தொடர்புடையவை. நூற்றில் இருபத்தேழு! மீனெண்ணெய் மாத்திரைக்குச் செலவிட்டு, புகையிலையைக் கைவிடாத வீடு, கூரை ஒழுக வாசலுக்கு வண்ணம் பூசும் வீட்டைப் போன்றதே.

வள்ளுவர் காட்டும் வரிசை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் ஆறு குறள்கள் அளவறிந்து, பசித்து உண்ணுதலை வலியுறுத்துகின்றன. ஆனால் வள்ளுவர் அங்கு நின்றுவிடவில்லை. இறுதி மூன்று குறள்களில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்தல், நோயாளியின் நிலையையும் காலத்தையும் கருதுதல், நோயாளி, மருத்துவர், மருந்து, துணைநிற்பவர் என்னும் நால்வகைக் கூறுகள் ஆகியவற்றைப் பேசுகிறார். உணவைப் போற்றியவரே மருத்துவரையும் போற்றினார். 'உணவே மருந்து' என்போர் இவ்வதிகாரத்தைப் பாதியில் மூடிவிடலாகாது.

முடிவுரை

மாணவர்களே! தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் அறிந்த நீங்களே பல வீடுகளில் பாட்டிக்கு மாத்திரை அட்டையைப் படித்துக் காட்டுபவர்கள். கைபேசியில் வரும் செய்திக்குப் பொருள் சொல்பவர்கள். ஆகவே வினைச்சொற்களைக் கூர்ந்து நோக்குங்கள். 'தொடர்பு காணப்பட்டது' என்பது ஒன்று. 'குறைக்கலாம்' என்பது வேறொன்று. 'தடுக்கும்' என்பது முற்றிலும் வேறு. முதல் தொடரை மூன்றாவதாக மாற்றிச் சொல்வது மொழிப்பிழை மட்டுமன்று. ஓர் உயிரோடு விளையாடும் பிழையும் ஆகும்.

மீன் உண்ணும் வழக்கமுள்ள வீட்டில் மத்திக் குழம்பு மணக்கட்டும். மரக்கறி வீட்டில் ஆளிவிதைப் பொடி இருக்கட்டும். இரண்டும் நல்லுணவுகள். ஆனால் உடலில் ஐயத்திற்குரிய மாற்றம் ஒன்று தோன்றினால், பெரியவர்களின் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.