சரக்கு வண்டியும் குடும்பப் பயணமும்

ஆடி பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கடைத்தெருக்களில் ஞாயிறு காலையில் ஒரு காட்சியைக் காணலாம். சனிக்கிழமை வரை அரிசி மூட்டை ஏற்றிய குட்டி யானையில் ஜமுக்காளம் விரித்து, பெண்டு பிள்ளைகளையும் அக்கம் பக்கத்தாரையும் ஏற்றிக்கொண்டு பெரியபாளையம் புறப்படுகிறோம். காணும் பொங்கலென்றால் பூண்டி ஏரி. நாமும் பல ஆண்டுகள் அப்படிப் போய் வந்தவர்களே. எனவே யாரையும் குறை கூற இதை எழுதவில்லை.

அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருக்கிறோம். எதற்கு இருக்கிறது என்று பார்த்தோமா? மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தப்படி, சரக்கு வண்டியில் சரக்கோடு செல்லும் அதன் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறிச் செல்லும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று பல்ஜித் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ல் கூறிவிட்டது. கம்பெனியே முதலில் கட்டட்டும் என்று கோர்ட் உத்தரவிடும் வழக்குகளிலும், அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஒரு விபத்தில் உயிரும் போய், அண்டை வீட்டார் உறவும் போய், முப்பது வருடம் நடத்திய கடையும் போக வேண்டுமா?

“அப்படியானால் சொந்தமாகக் கார் வாங்கிவிடலாமே” என்பீர்கள். வாங்கலாம். ஆனால் சொந்த உபயோக வண்டியின் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விடுவதும், சாம்பிளும் சொந்தச் சாமான்களும் தவிர வேறு சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கு. வாரநாளில் எண்ணெய் டின் ஏற்றுவதும், ஞாயிறன்று நண்பர் குடும்பத்துக்கு வாடகை பேசி அனுப்புவதும் பாலிசியை நாமே கெடுத்துக்கொள்வதாகும்.

மலிவென்று மூன்றாம் நபர் பாலிசியோடு நின்றுவிடவும் கூடாது. காருக்குள் நம்மோடு உட்கார்ந்து வருபவர்களுக்கு அதில் பாதுகாப்பில்லை. முழுப் பாலிசியில் உண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் தெளிவுபடுத்தியுள்ளது. பிரீமியம் குறைய வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள். வண்டி திருட்டுப் போனால் அந்த மதிப்பை வைத்துத்தான் பணம் வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூரும் ஆவடியும் தண்ணீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லாமல் அந்தச் செலவைப் பெறுவது கடினம். நம் பகுதியில் இருப்போருக்கு அது வீண் செலவல்ல.

வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள் பயணிகள் பெர்மிட் உள்ள மஞ்சள் பலகை வேனை வாடகைக்கு எடுங்கள். பெர்மிட்டையும் இன்சூரன்ஸையும் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். செலவை நாலு குடும்பம் பங்கிட்டால் பாரமாக இராது.

குத்தூசி போட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டை பருப்பைக்கூட நாம் இறக்குவதில்லை. பெற்ற பிள்ளைகளை ஏற்றும் வண்டியின் பாலிசியை மட்டும் பிரிக்காமலே பீரோவில் வைக்கிறோம். வணிகப் பெருமக்களே, அடுத்த ஆடிக்கு முன் ஒரு மாலை கடையைச் சற்று முன்னதாக மூடிவிட்டு, அதை எடுத்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். புரியாத வரிகளைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். விவரம் தெரிந்தவரை அழைத்துச் சேர்ந்து கேட்டுத் தெளிவோம்.