ஊசியில்லாப் பரிசோதனை: எதை நம்பலாம்?

ஊசி குத்தாமல் நோயைக் கண்டறிய இயலாதா என்று நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் மீண்டும் குத்த நேரும்போது பெற்றோர் படும் வேதனையையும், நாள்தோறும் விரல்நுனியைக் குத்திக்கொள்ளும் நீரிழிவு நோயாளரின் சலிப்பையும் நாங்கள் அறிவோம். எனினும், வலியின்மை ஒரு பரிசோதனைக்கு வசதியைத் தருமே அன்றி நம்பகத்தைத் தராது என்பதே எங்கள் கருத்து.

வியர்வையைக் கொண்டு நோயறிவது புதிய முயற்சியன்று. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுவழி நோயில் நுரையீரலிலும் கணையத்திலும் சுரப்புகள் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்கின்றன. 1948இல் நியூயார்க் நகரைக் கடும் வெப்பம் வாட்டியபோது, இந்நோயுற்ற குழந்தைகள் எளிதில் சோர்ந்து விழுவதை மருத்துவர் பால் டி சான்ட் ஆக்னீஸ் கவனித்தார். அவர்களது வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதைப் பின்னர் நிறுவினார். 1959இல் கிப்சன், குக் ஆகிய இருவரும் வியர்வையைச் சேகரிக்கப் பாதுகாப்பான முறையொன்றை வகுத்தனர். பைலோகார்பைன் என்னும் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் முன்கைத் தோலில் சுமார் 5 நிமிடம் செலுத்தி, அங்கே சுரக்கும் வியர்வையை 30 நிமிடம் சேகரிப்பர். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பின் நோய் இருக்கக்கூடும். 30க்குக் கீழ் இருப்பின் அதற்கான வாய்ப்பு குறைவு. இடைப்பட்ட அளவுக்கு மேலும் ஆய்வு தேவை.

இந்நோய் மேலைநாட்டவருக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. நம் குழந்தைகளுக்கும் அது வருகிறது. அடிக்கடி மார்புச்சளித் தொற்று, எடை கூடாமை, எண்ணெய்ப் பசையுள்ள மலம், முத்தமிடும்போது உப்புக் கரிக்கும் தோல் ஆகியவற்றைக் கண்டால், வியர்வைப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சர்க்கரையின் கதை வேறு. வியர்வையிலும் சர்க்கரை உண்டு. ஆனால் இரத்தத்தில் உள்ளதைவிட மிகமிகக் குறைவு. வியர்க்கும் வேகத்திற்கேற்ப அது மாறும். தோலில் ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்கும் அளவைக் குலைக்கும். தோல்வழியே மின்னோட்டத்தால் நீரை இழுத்து அளந்த கைக்கடிகாரம் ஒன்றுக்கு 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் விரல்நுனிச் சோதனைக்கு மாற்றாக அமையவில்லை. பலருக்குத் தோல் சிவந்து எரிந்தது. மிகுதியாக வியர்த்தால் அளவீடே தவறியது. சர்க்கரை தாழும்போதுதான் உடல் வியர்க்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகளில் அது சந்தையிலிருந்து மறைந்தது.

தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாம் ஒப்புதல் அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டும் சென்சார் இதனின் வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் நுழைந்து அங்குள்ள திரவத்தை அளக்கிறது. பொய்யாக உயர்ந்து காட்டும் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால், சில மணி நேரத்தில் மயக்கமும் உயிரிழப்பும் நேரலாம்.

எனவே எக்கருவியை வாங்குமுன்னும் கேளுங்கள்: இது எதை அளக்கிறது? இரத்தப் பரிசோதனையுடன் ஒப்பிட்டு நிறுவப்பட்டதா? இந்த எண்ணைக் கொண்டு என் மருத்துவர் மருந்தின் அளவை மாற்றுவாரா? எங்களையும் கேளுங்கள்: இந்த ஊசி எதற்கு, இரண்டு பரிசோதனைகளுக்கு ஒருமுறை எடுத்த இரத்தம் போதாதா என்று. விடை சொல்வது எங்கள் கடமை.

நீரிழிவுக்கு மருந்து கொள்வோர்க்குத் திடீரென வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கினால், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், விரல்நுனியில் சோதியுங்கள். அதற்கு வழியில்லையெனில், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு முதலில் சர்க்கரையைக் கொடுங்கள்.