கட்டிடம் எழும்புகிறது, காண்ட்ராக்டர் ஏன் விழுகிறார்?

நாகர்கோவிலில் வடசேரியில் தொடங்கி மீனாட்சிபுரம் வழியாகக் கோட்டார் வரை ஒருநாள் சாயங்காலம் நடந்து பாருங்கள். ஓடு போட்ட பழைய கடை நின்ற இடத்தில் கண்ணாடி முகப்போடு நாலு மாடி ஜவுளிக்கடை. பக்கத்தில் ஆஸ்பத்திரி, அதற்கடுத்து நகைக்கடை. ஊருக்கு வெளியே போனால் நெல் விளைந்த வயலில் ஏ.சி. கல்யாண மண்டபம். 2019ல் மாநகராட்சியும் ஆகிவிட்டோம். சிவில் படிக்கிற நம்மைப் பார்த்து, "ஒனக்கென்ன மக்ளே, வேலைக்கா பஞ்சம்?" என்று கேட்காத அண்ணாச்சிமார் கிடையாது.

வேலைக்குப் பஞ்சம் இல்லைதான். ஆனால் அந்தக் கட்டிடங்களைக் கட்டிக் கொடுத்த உள்ளூர் சிறு காண்ட்ராக்டர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்று யாராவது விசாரித்தோமா? கலவை மிஷினை விற்றவர், வீட்டுக்காரியின் நகையை பேங்கில் வைத்து மீட்க முடியாமல் போனவர், தொழிலே வேண்டாம் என்று கல்ஃபுக்கு விமானம் ஏறியவர், இப்படி ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர்களில் பலர் மோசமாகக் கட்டியதால் விழவில்லை. விலை ஏறியபோதும், பணம் பிந்தியபோதும் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் கையில் இல்லாததால் விழுந்தார்கள். பீமுக்கு எவ்வளவு கம்பி வேண்டும் என்று கணக்குப் போடும் நாம், ஒப்பந்தத்தில் என்ன ஷரத்து வேண்டும் என்று பார்ப்பதே இல்லை. இதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில் விலையைப் பார்ப்போம். வணிகக் கட்டிடம் என்றால் வேலை ஒரு வருடம், ஒன்றரை வருடம் கூடப் போகும். ரேட் பேசுவது முதல் நாளில். சாமான் வாங்குவது அத்தனை மாதமும். நம்முடையது மலையும் காடும் உள்ள சின்ன மாவட்டம், குவாரிக்குக் கட்டுப்பாடு அதிகம். எல்லை தாண்டினால் கேரளத்தில் பாறைக்கும் எம்.சாண்டுக்கும் தேவை அதைவிட அதிகம். 2015 டிசம்பரில் தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுக வேலையில், சுமார் 3 கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவருக்குப் பாறை கிடைக்காமல் அவ்வளவு பெரிய கம்பெனியே தமிழ்நாட்டுக் குவாரிகளைத் தேடி வந்தது. நம் மாவட்டத்து நாற்கர சாலை வேலை நிரப்புவதற்கு மண் கிடைக்காமல் முடங்கிக் கிடந்ததை நாமே பஸ்ஸில் போகும்போது பார்த்தோம். 2025 ஏப்ரலில் கனிம நிலங்களுக்குப் புது வரி வந்தபோது குவாரி, கிரஷர்காரர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். பாதியில் நின்ற சைட்டுக்காரர் ஓனரிடம் போய், 'ஸ்டிரைக், அதனால் ரேட்டைக் கூட்டுங்கள்' என்றால் கூட்டிவிடுவாரா?

சிமெண்ட் கதை வேறு. 1949 முதல் தாழையூத்தில் ஆலை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸ் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. அம்புஜாவும் ஏ.சி.சி.யும் 2022லேயே அதானி கைக்குப் போயாச்சு. விற்கிறவர்கள் நாலைந்து பேராகச் சுருங்க, வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கிறார்கள். கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலை வைத்ததாகச் சொல்லி இந்தியப் போட்டி ஆணையம் 2012ல் 11 கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அவர்கள் அப்பீலுக்குப் போக, வழக்கு உச்சநீதிமன்றம் வரை ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் வரி குறைந்த அளவுக்கு மூட்டை விலையும் குறைந்தே நிற்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

இனி ஒரு கணக்கு. 5,000 சதுர அடிக் கடைக் கட்டிடம், சதுர அடி 2,200 ரூபாய்க்குப் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 10 லட்சம். 10 சதவீத லாபம் என்றால் 11 லட்சம். நாம் படித்த தோராயக் கணக்குப்படி சதுர அடிக்கு சிமெண்ட் 0.4 மூட்டை, கம்பி 4 கிலோ. ஆக 2,000 மூட்டையும் 20 டன்னும் வேண்டும். மூட்டைக்கு 50 ரூபாயும் கிலோவுக்கு 5 ரூபாயும் ஏறினால் போதும், 2 லட்சம் காலி. கடைசி பில் 11 லட்சத்தை ஓனர் 8 மாதம் இழுத்தால், 2 வட்டிக்கு வாங்கிச் சமாளித்தவருக்கு வட்டி மட்டும் 1,76,000. மிச்சம் 7,24,000. அதிலும் 5 சதவீதப் பிடித்தத் தொகை 5,50,000 இன்னும் ஒரு வருடம் ஓனரிடமே இருக்கும். ஒரு வருடம் வெயிலில் நின்றவர் கையில் 1,74,000 ரூபாய்! அதே சைட்டில் நம் டிப்ளமோ சூப்பர்வைசர் அண்ணன் அவரைவிடக் கூட வாங்கியிருப்பார்.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பதிவு செய்த காண்ட்ராக்டர் பில் போட்டுவிட்டால் அதற்கான ஜி.எஸ்.டி.யைக் கட்டியே ஆகவேண்டும். ஓனர் பைசா தந்தாரா இல்லையா என்று வரி இலாகா கேட்காது. அதாவது வராத பணத்துக்கு வரி!

பெரிய இடத்தில் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அரசு வேலைகளில் மத்திய பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தில் 10 சி.சி. என்று ஒரு ஷரத்து உண்டு. வேலை நடக்கும் காலத்தில் விலை ஏறினால், குறியீட்டு எண்ணை வைத்துக் கணக்கிட்டு ரேட்டும் ஏறும், இறங்கினால் இறங்கும். விழிஞ்ஞத்தில் 2019 டிசம்பர் கெடு தவறியபோது கம்பெனி 2017 ஒக்கி புயலையும் பாறைத் தட்டுப்பாட்டையும் காரணம் காட்டியது. ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்பிட்ரேஷன் வரை போனது. கடைசியில் 2024ல் துணை ஒப்பந்தம் போட்டுக் கால நீட்டிப்பும் வாங்கியது. அதே ஒக்கியில் நம் ஊர்களில் சாரமும் ஷட்டரும் பறந்துபோன சின்ன காண்ட்ராக்டருக்கு எந்த ஷரத்து இருந்தது? புயல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், பேப்பர் ஒருவரிடம்தான் இருந்தது.

ஏன் எழுதிக்கொள்வதில்லை? என் அப்பா கொத்தனார், லேபர் காண்ட்ராக்டும் எடுப்பார். ஒரு கடைக் கட்டிடத்துக்கு வரவேண்டிய பாக்கி எட்டு மாதமாக, "பில்லு பாஸ் ஆவட்டும்" என்ற ஒரே பதிலில் நிற்கிறது. நான் கேட்டதற்கு அப்பா சொன்னார்: "பேப்பர்ல எழுதிக் கேட்டா, நம்பிக்கை இல்லியான்னு கேப்பாவ மக்ளே. அடுத்த வேலை தர மாட்டாவ." அவர் பயம் நியாயமானது. ஆனால் அதே ஓனர் பேங்கில் லோன் வாங்கும்போது முப்பது இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். பேங்குக்காரன் தன்னை நம்பவில்லை என்று அவர் கோபித்துக்கொண்டதில்லையே!

ஓனர்கள் எல்லாரும் வில்லன்கள் என்று நான் எழுதவில்லை. அட்வான்ஸ் வாங்கிவிட்டு வேறு சைட்டுக்கு ஆளைக் கொண்டுபோகிற காண்ட்ராக்டரும் நம்மிடையே இருக்கிறார். கடை திறக்கும் தேதி தள்ளிப்போனால் ஓனருக்கும் வட்டி ஓடும். எழுத்து இருந்தால் அவருக்கும் அது பாதுகாப்புதான். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்தது. கட்டுமான ஒப்பந்தம் அதில் அடங்குமா என்று கோர்ட்டுகளில் வாதம் நடந்திருக்கிறது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

காலமும் மாறுகிறது. குடோன், மண்டபம், ஷோரூம் எல்லாம் இப்போது வெளியூர் ஃபேக்டரியில் செய்து லாரியில் வரும் இரும்புச் சட்டத்தை போல்ட் போட்டு முடுக்குகிற வேலையாகிறது. செங்கலுக்குப் பதில் ஏ.ஏ.சி. பிளாக், சைட்டில் கலவை போடுவதற்குப் பதில் ரெடிமிக்ஸ். இந்தக் கம்பெனிகள் அட்வான்ஸ் வாங்காமல் லாரியைக் கிளப்பாது. அவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் கொத்தனாருக்கு, கையாளுக்கு, ஒடிசாவிலிருந்து வந்த அண்ணனுக்கு. சப் காண்ட்ராக்டுக்கும் சப் காண்ட்ராக்ட் என்று போகப்போக, பணம் பிந்துவதன் சுமை கடைசியில் இருப்பவன் தலையில் இறங்குகிறது.

நம் எஸ்டிமேட்டிங் பாடத்தில் டெண்டர், ஈ.எம்.டி., செக்யூரிட்டி டெபாசிட் எல்லாம் இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து அடுத்த நாளே மறக்கிறோம். ஒரு நிஜ ஒப்பந்தத்தை ஒரு தடவையாவது முழுசாகப் படித்தவர் நம் வகுப்பில் யார்? அதனால் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். வரும் சிம்போசியத்தில் சினிமாப் பாட்டு நேரத்தில் இரண்டு மணி நேரம் குறையுங்கள், கோபம் வேண்டாம்! ஒரு வக்கீலையும், டெண்டர் வேலை செய்து அனுபவப்பட்ட ஒரு காண்ட்ராக்டரையும் அழைப்போம். சிறு வேலைகளுக்கு ஏற்ற இரண்டு பக்கத் தமிழ் ஒப்பந்தம் ஒன்றை அவர்கள் உதவியோடு தயாரிப்போம். எந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் பணம், சிமெண்டும் கம்பியும் இத்தனைக்கு மேல் ஏறினால் யார் பொறுப்பு, பில் கொடுத்த எத்தனை நாளில் செட்டில்மெண்ட், பிந்தினால் என்ன வட்டி. இந்த நாலும் இருந்தால் தொடங்குவதற்குப் போதும். அப்பாவின் கணக்கு நோட்டை நான் கொண்டு வருகிறேன். இருபது வருடக் கணக்கு இருக்கிறது, ஓனர் கையெழுத்து ஒரு பக்கத்திலும் இல்லை.