தோள்கொடுக்கிறவர்களுக்குத் தோள்கொடுப்பது யார்?



இவ்வாரத் தியானத்திற்காக நெகேமியா 3-ம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு இதைத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுதோறும் வேதத்தை முழுவதும் வாசித்து முடிக்கிறவர்களும் இவ்வதிகாரத்திற்கு வரும்போது சற்று வேகமெடுத்துவிடுவதை நான் அறிவேன். முப்பத்திரண்டு வசனங்களும் பெயர்களும் வாசல்களுமாகவே செல்கின்றன. இறையியல் கல்லூரியில் பயின்ற நாட்களில் நானும் இதைத் தேர்வில் வராத பகுதியென்று ஒதுக்கியவன்தான். ஐம்பது வயதைக் கடந்து, சபையின் வேலைகளுக்கு ஆள் தேடித் தேடிச் சலித்த பின்பு, இப்பெயர்ப்பட்டியல் என்னோடு வேறுவிதமாகப் பேசுகிறது.

எருசலேமின் அலங்கத்தைக் கட்டினவர்கள் யார்? முதலாவது பெயர் பிரதான ஆசாரியனாகிய எலியாசிபுடையது. அவனும் மற்ற ஆசாரியரும் ஆட்டுவாசலைக் கட்டினார்கள். ஜெபித்துத் தொடங்கிவைத்துவிட்டு வீட்டிற்குப் போய்விடவில்லை, கட்டவே செய்தார்கள். (என்னையும் என் உடன் ஊழியரையும் இந்த முதல் வசனத்திலேயே ஆவியானவர் நிறுத்திவிடுகிறார்.) பிறகு எரிகோவின் மனுஷர், தெக்கோவா ஊரார், மிஸ்பாவைச் சேர்ந்தவர்கள், சானோவாகின் குடிகள். இவர்களுக்கு எருசலேமில் வீடில்லை, வயலில்லை. தங்கள் ஊர்களிலிருந்து புறப்பட்டு வந்து, வேறோர் ஊரின் மதிலைக் கட்டினார்கள். பொன்வேலை செய்கிற தட்டான் கல் சுமந்தான். பரிமளதைலம் செய்கிறவன் சுண்ணாம்பு குழைத்தான். சல்லூம் என்னும் ஒரு பிரபு தன் குமாரத்திகளோடு வந்து நின்றான். இன்னொரு மாகாணத்தின் பிரபுவாகிய மல்கியாவுக்குக் கிடைத்ததோ குப்பைமேட்டு வாசல். நம்முடைய கமிட்டியில் அந்த வாசலை எந்தப் பெரியவருக்குக் கொடுக்கத் துணிவோம் என்று எண்ணிப்பாருங்கள்.

தெக்கோவா ஊராரைக் குறித்து ஒரு சிறு குறிப்பும் உண்டு. அவ்வூர்ப் பெரியோர் வேலைக்குத் தோள்கொடுக்க மனமற்றிருந்தார்கள். ஆனால் ஊரார் தங்கள் பங்கை முடித்ததோடு, பின்னால் 27-ம் வசனத்தில் இரண்டாம் பங்கையும் எடுத்துக் கட்டுகிறார்கள். தலைவர்கள் வராதபடியால் மற்றவர்கள்மேல் சுமை இரட்டிப்பாயிற்று என்று அங்கே எழுதப்படவில்லைதான். இருந்தாலும் சபையை நடத்துகிற எவருக்கும் அதை அப்படி வாசிக்காதிருப்பது கடினம்.

பிரியமானவர்களே, நம் பகுதியில் மனமுவந்து செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதற்கு நீங்களே சாட்சிகள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனபோது, பக்கத்திலிருந்த புதுக்குடி ஊரார் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டு சமைத்துப் போட்டார்கள். யார் எந்த ஊர், என்ன மதம் என்று அவர்கள் கேட்கவில்லை. கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து வீடுகளில் சிக்கியவர்களை மீட்டார்கள். கோயில், பள்ளிவாசல், ஆலயம் என்று எது மேட்டில் இருந்ததோ அங்கே எல்லாரும் ஒதுங்கினார்கள். அந்த நாட்களில் தொண்டுக்கு ஒருவரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் வடிந்தது. தொண்டும் வடிந்தது. என் மனதை உறுத்துகிற காரியம் அதுதான்.

வெள்ளத்தில் படுக்கையை இழந்த முதியவர் அதற்குப் பின்னும் படுக்கையில்தான் கிடக்கிறார். அவரைக் குளிப்பாட்ட ஆளில்லை. அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளின்றிக் கிடக்கிற நோயாளிக்கு மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க ஒருவர் வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறின பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். இவற்றிற்கு நான் பீடத்திலிருந்து அறிவிப்புச் செய்தால், மறுவாரம் வந்து நிற்பவர்கள் வழக்கமான அந்த ஐந்து பேர்தான். ஓய்வுநாள் பாடசாலையும் அவர்களே, பாடகர் குழுவும் அவர்களே, சாவு வீட்டில் நாற்காலி எடுத்துப் போடுகிறவர்களும் அவர்களே. சேகரத் தேர்தல் வரும்போது மாத்திரம் புதிய முகங்கள் பல தென்படுகின்றன. இதைக் கசப்போடு எழுதவில்லை, உள்ளதை எழுதுகிறேன்.

அப்படியானால் நம் ஜனங்களுக்கு அன்பு குறைந்துவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. நம்முடைய அசனப் பண்டிகையைப் பாருங்கள். அதிகாலையிலேயே ஆண்கள் வெங்காயம் உரிக்க அமர்ந்துவிடுகிறார்கள். வெளியூரில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர் கரண்டியைப் பிடித்துக் கிடாரத்தருகே வியர்த்து நிற்கிறார். வாலிபர் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் சாப்பிட்டு எழுகிறார்கள். ஒருவரும் கூலி வாங்குவதில்லை. இதே ஜனங்கள்தானே, வியாழக்கிழமை மருத்துவமனைக்கு வரச் சொன்னால் தயங்குகிறவர்கள்?

வேறுபாடு எங்கே இருக்கிறது என்று நான் பலநாள் யோசித்ததுண்டு. அசனத்தில் வேலைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. எங்கே உட்கார வேண்டும், எதை நறுக்க வேண்டும் என்று சொல்ல அனுபவமுள்ள ஒரு மூத்தவர் இருக்கிறார். பக்கத்தில் பேச்சுத்துணை இருக்கிறது. நடுவே யாராவது தேநீர் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். உழைத்தவனும் கடைசிப் பந்தியில் அமர்ந்து சாப்பிடுகிறான். மருத்துவமனை ஊழியத்திற்கோ ஒருவரை அனுப்பும்போது இவற்றில் ஒன்றையும் நாம் கொடுப்பதில்லை. "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டு மறந்துபோகிறோம்.

மறந்துபோனவன் நானே. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. முன்பு நான் பணியாற்றிய ஒரு சேகரத்தில் ஒரு சகோதரி இருந்தார். ஒன்பது ஆண்டுகளாக வாரந்தோறும் இரண்டு பேருந்துகள் மாறி மருத்துவமனைக்குச் சென்று, துணையற்ற நோயாளிகளைக் கவனித்துவந்தார். ஓர் ஆண்டு அவர் போவதை நிறுத்திவிட்டார். அது எனக்குத் தெரியவந்ததே நான்கு மாதங்களுக்குப் பிறகு; அதுவும் ஆண்டறிக்கைக்காகக் கணக்குக் கேட்டபோது. வீட்டிற்குச் சென்று காரணம் கேட்டேன். "ஐயா, பஸ் காசு ஒரு பெரிய காரியமில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே மூன்று பேர் இறந்துபோனார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை" என்றார். ஒன்பது ஆண்டறிக்கைகளில் அவருடைய ஊழியத்தைப் பெருமையாக எழுதியவன் நான். எப்படியிருக்கிறீர்கள் என்று ஒருமுறையேனும் உட்கார்ந்து கேட்டவனல்லன்.

நெகேமியா இவ்விஷயத்தில் என்னைவிட ஞானமுள்ளவனாயிருந்தான். நான்காம் அதிகாரத்தில், சுமக்கிறவர்களுடைய பெலன் குறைந்துவிட்டது, இடிபாடு இன்னும் மிகுதியாய்க் கிடக்கிறது என்ற முறையீடு எழும்புகிறது. அதை அவிசுவாசம் என்று அவன் கடிந்துகொள்ளவில்லை. பாதிப்பேர் வேலைசெய்ய, பாதிப்பேர் காவல் நிற்கும்படி முறையை மாற்றினான். ஐந்தாம் அதிகாரம் இன்னும் ஆழமானது. மதில் கட்டிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளில் தானியமில்லை. வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் அடகு வைத்திருந்தார்கள். கடன் கொடுத்து வட்டி வாங்கினவர்களோ அவர்களுடைய சொந்தச் சகோதரர். நெகேமியா பெரிய சபையைக் கூட்டி, அடகை மீட்டுக் கொடுக்கச் செய்தான். தானும் பன்னிரண்டு ஆண்டுகள் அதிபதிக்குரிய படியை வாங்காமல், தன் பந்தியில் 150 பேருக்கு உணவளித்தான். மதில் 52 நாளில் எழும்பினதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். கட்டினவர்களின் அடுப்பில் என்ன இருந்தது என்று அவன் விசாரித்ததைப் பிரசங்கிப்பது குறைவு.

தொண்டர்களுக்குப் பயணச்செலவு கொடுக்கலாம் என்று நான் சேகரக் கமிட்டியில் சொன்னபோது, மதிப்பிற்குரிய மூப்பர் ஒருவர் எழுந்து, "பணம் கொடுத்துப் பழக்கினால் ஊழியம் கூலியாகிவிடும்" என்றார். அவருடைய அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் வசதியுள்ளவர் மாத்திரமே கைக்காசு போட்டுத் தொண்டு செய்ய முடியும் என்றால், தினக்கூலிக்குப் போகிற நம் சகோதரிக்கு அந்தப் பாக்கியத்தை நாமே மறுத்தவர்களாவோம். விதவையின் காணிக்கையைப் புகழ்கிற நாம், அவள் ஆலயத்திற்கு வந்துசேரும் பாதையை அடைத்துவிடக்கூடாது. என் தாயார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது சபைக்குப் போகும். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் எழும்பியதும், நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா போன்றவர்கள் அதை முன்னின்று நடத்தி தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியதும், சொந்தப் பணம், சொந்த ஆட்கள் என்ற தீர்மானத்தில்தான். போகிறவர் ஒருவர், தாங்குகிறவர் பலர் என்னும் ஒழுங்கு நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

அண்டையிலுள்ள மலபாரிலும் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்பு மலப்புரம் முதலிய இடங்களில் அண்டை அயலாரின் பணியாகவே மாறிற்று. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய எவரும் அதில் சேரலாம். ஆனால் சேர்ந்தவுடன் நோயாளியிடம் அனுப்பிவிடுவதில்லை. 16 மணி நேர வகுப்பு உண்டு. பின்பு அனுபவமுள்ளவர்களோடு வீடுகளுக்குச் சென்று பழக வேண்டும். செவிலியரும் மருத்துவரும் பின்னால் நிற்கிறார்கள். செலவுக்குப் பெரும்பாலும் உள்ளூர் மக்களின் சிறு தொகைகளே. இஸ்லாமியரும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒரே குழுவாகப் போகிறார்கள். நல்ல மனதோடு நல்ல ஒழுங்கையும் சேர்த்தபடியால் அப்பணி இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறது.

"நெகேமியா அந்நியருக்குப் பங்கில்லை என்று சொன்னானே" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அவ்வார்த்தை, வேலையைப் பரிகாசம்பண்ணி நிறுத்தப் பார்த்த சன்பல்லாத்துக்கும் தொபியாவுக்கும் சொல்லப்பட்டது. காயம்பட்டவனைத் தூக்க வந்தவனுக்குச் சொல்லப்பட்டதன்று. அப்படி வந்த சமாரியனை நம் ஆண்டவர் எப்படி நடத்தினார் என்பது நீங்கள் அறிந்ததே. இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று நமக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளத்தின்போது நாம் கொண்டுபோன பொட்டலங்கள் எந்தத் தெருவோடு நின்றன? அடுத்த தெருவும் நனைந்துதானே கிடந்தது? பதில் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெருவுக்கும் சாதிக்கும் எல்லை வகுத்துக்கொண்ட தொண்டை, பதாகையில் சிலுவை பொறித்துவிட்டதனால் மாத்திரம் கிறிஸ்துவின் தொண்டு என்று நான் ஏற்கமாட்டேன். பதாகையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் கட்டிலருகே நின்று புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தை இனி விட்டுவிடுவோம். அவர்களுக்கும் ஒரு முகம் உண்டு. அது நம் அறிக்கைக்காக உண்டாக்கப்பட்டதன்று.

ஆகவே, கமிட்டியின் ஒப்புதலோடு நான் தீர்மானித்திருப்பதை எழுதுகிறேன். வியாழக்கிழமை மருத்துவமனை ஊழியத்திற்கு இருபது பேர் தேவை. ஒருவருக்கு மாதத்தில் இரண்டு முறை மட்டுமே. ஒரு முறைக்கு மூன்று மணி நேரம். எப்போதும் இருவராகவே போக வேண்டும். பேருந்துச் செலவு சேகர நிதியிலிருந்து கேட்காமலே கொடுக்கப்படும். வேண்டாம் என்பவர்கள் அதைக் காணிக்கையாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்; அது அவர்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவேயான காரியம். மாதத்தின் கடைசி வெள்ளி மாலையில் அனைவரும் குருமனையில் கூடுவோம். அன்று நான் பிரசங்கிக்கமாட்டேன், கேட்பேன். ஆறு மாதம் ஆனதும் ஒவ்வொருவரும் கட்டாயமாக இரண்டு மாதம் ஓய்ந்திருக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே பணிசெய்துவரும் பள்ளிவாசல் இளைஞர்களோடும் பேசியிருக்கிறேன். அவர்கள் செவ்வாய்க்கிழமைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். இரத்தம் தேவைப்படும்போது இரு பட்டியல்களும் ஒன்றாகவே இருக்கும்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் பெயர்கொடுக்கும் தாள் ஆலய வாசலில் இருக்கும். முதல் வாரத்திற்கு என் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது. முன்பு சொன்ன அந்தச் சகோதரியைச் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வருவீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, வார்டுக்குள் வரமாட்டேன், வகுப்பு மட்டும் எடுக்கிறேன் என்றார். அப்படியே ஆகட்டும் என்றேன். முதல் வகுப்பு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஓய்வுநாள் பாடசாலை அறையில் நடைபெறும்.