ஹைட்ரஜன் கணக்கில் நம் பாடு எங்கே?

உறவுகளே, மன்னார் தீவில் தம்பபவனியின் 30 காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள்; மொத்தம் 103.5 மெகாவாட். காற்று மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் பேச்சும் நாட்டில் வந்துவிட்டது. கலாநிதிப் பட்டத்துக்கே இதைக் கணினி மாதிரியாகச் செய்கிறார்கள். நல்லதுதான்.

நாமும் கணக்குப் போட்டோம். ஒரு கிலோவுக்குச் சுமார் 50 அலகு மின்சாரம், குறைந்தது 9 லீற்றர் சுத்த நீர். ஒரு காற்றாலை முழுவேகத்தில் ஒரு மணித்தியாலம் சுற்றினால் 600 லீற்றர் அளவு! பவுசருக்குக் காத்திருக்கும் ஊர்கள் இவை. கடல்நீரைச் சுத்திகரிக்கலாமாம், சரி, மிஞ்சும் உப்புநீரை எங்கே விடுவது, கரைவலைப் பாட்டிலா?

1990இல் எங்களையும் 2007இல் முள்ளிக்குளத்தையும் எழுப்பியபோது யாரும் கேட்கவில்லை. இந்த மாதிரியிலும் காற்றின் வேகம் இருக்கும், டொலர் இருக்கும். பாட்டை எழுத நம் பிள்ளை ஒன்று வேண்டும். இம்முறை உயர்தரத்தில் கணிதம் எடுப்பவர்கள் எத்தனை பேர்?