பல்ப் எரியாவிட்டாலும் மதிப்பெண் கொடுங்கள்!

அறிவியல் கண்காட்சி என்று அறிவிப்பு வந்ததும் பல வீடுகளில் என்ன நடக்கிறது? அப்பா கடைக்குப் போய் தெர்மோகோல் வாங்கி வருகிறார். காற்றாலை, அணை, போக்குவரத்து சிக்னல் என்று மாடல்கள் ரெடிமேடாகவே கிடைக்கின்றன. மாணவனின் வேலை சுவிட்சைப் போட்டு, மனப்பாடம் செய்த நான்கு வரிகளை ஒப்பிப்பதுதான். பல்ப் எரிகிறது, பரிசும் கிடைக்கிறது. மின்சாரத்தைப் பற்றி மட்டும் எதுவும் தெரிவதில்லை.

இது மாணவனின் தவறா? எரிந்த பல்புக்கு மட்டுமே பரிசு கொடுக்கும் முறையின் தவறு!

எலுமிச்சை பேட்டரியையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக் கம்பியையும் தொடாமல் செருகினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் கிடைக்கும். மூன்று பழங்களைத் தொடராக இணைத்தால் ஒரு சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும். கால்களை மாற்றி மாட்டினால் எரியாது. அதே மூன்று பழங்களில் டார்ச் பல்பை இணைத்தாலும் எரியாது. வோல்ட் இருந்தும் ஏன் எரியவில்லை? பழத்தின் அக மின்தடை மிக அதிகம். அது தருவது ஒரு மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டம்தான். டார்ச் பல்புக்கோ சில நூறு மில்லி ஆம்பியர் வேண்டும். வோல்ட் வேறு, ஆம்பியர் வேறு என்பதை எரியாத அந்த பல்ப் கற்றுக்கொடுத்த அளவுக்கு எந்த கைடும் கற்றுக்கொடுக்காது.

இன்னொரு உதாரணம், அரவிந்த் குப்தா பரப்பிய எளிய மோட்டார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதையே வாழ்க்கையாக்கிக் கொண்டவர் அவர். 2018ல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரு பேட்டரி செல், இரண்டு ஊக்குகள், ரப்பர் பேண்ட், ஒரு காந்தம், இனாமல் பூசிய செம்புக் கம்பி. இவ்வளவுதான் தேவை. நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மோட்டாருக்கு காயில் கட்டும் கடையில் கேட்டால் துண்டுக் கம்பி கிடைக்கும்.

ஆனால் கம்பியின் இரண்டு முனைகளிலும் இனாமலை முழுக்கச் சுரண்டிவிட்டால் காயில் ஆடி ஆடி நின்றுவிடும். ஒரு முனையில் பாதிப் பக்கம் மட்டுமே சுரண்ட வேண்டும். ஏனென்றால் அரைச் சுற்றில் முன்னே தள்ளிய விசை அடுத்த அரைச் சுற்றில் பின்னே இழுக்கும். அப்போது மின்சாரம் நிற்க வேண்டும். இதை ஒருமுறை கையால் செய்தவனுக்கு புத்தகத்தில் வரும் திசைமாற்றி எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

"கரண்ட் ஆபத்தாயிற்றே" என்று பெற்றோர் பயப்படலாம். நியாயமான பயம்தான். வீட்டு பிளக்கில் இருப்பது 230 வோல்ட், அதைத் தொடவே கூடாது. செல்போனின் லித்தியம் பேட்டரியும் வேண்டாம். 1.5 வோல்ட் செல் ஷாக் அடிக்காது. ஆனாலும் கம்பி சூடாகும், நேரடியாக இணைத்தபடி விட்டுவிடக் கூடாது. இந்த வித்தியாசம் தெரிந்த பிள்ளைதான் நாளை ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாது.

பணமில்லை என்பதும் முழுக் காரணமல்ல. நிதி ஆயோக் 2016ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் கருவி வந்தாலும், "தப்பாகிவிடுமோ" என்ற பயம் போகாவிட்டால் அது பூட்டிய அலமாரியில்தான் இருக்கும்.

அந்தப் பயம் செய்யும் பெரிய கெடுதல் வேறு. வராத ரீடிங்கை வந்ததாக ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்லித் தருகிறது. அறிவியல் வகுப்பிலேயே பொய் எழுதப் பழகினால் அப்புறம் அறிவியல் எங்கிருந்து வரும்? புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்ற மைக்கேல் ஃபாரடே, காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்க 1820களில் பலமுறை முயன்று தோற்றவர். 1831ல்தான் ஜெயித்தார். நம் ஊர் செய்முறைத் தேர்வாக இருந்தால் அவர் என்றோ ஃபெயிலாகியிருப்பார்!

எனவே ஆசிரியர்கள் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். "முதலில் என்ன தப்பானது? அதை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்ற இரண்டு கேள்விகளுக்குப் பாதி மதிப்பெண் ஒதுக்கலாம். கடையில் வாங்கிய மாடலோடு வருபவனிடம் இதற்குப் பதில் இருக்காது. நண்பர்களே, அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று எலுமிச்சம்பழம் எல்லார் வீட்டிலும் இருக்கும். சோதித்த பழத்தை ஜூஸ் போட்டுவிடாதீர்கள், அதில் உலோகம் கரைந்திருக்கும்!